கிலோவுக்கு இரண்டு ரூபாய்

…எடுக்க மாட்டாள், ஏன் எடுக்கப்போகிறாள், வேலையை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது, என் நம்பரைப் பார்த்ததும் ஓடிவந்து எடுக்க அவளுக்கு என்ன தலையெழுத்தா... ஒன்பது தடவை அடித்துவிட்டேன், மணி பதினொன்றாகப் போகிறது, ஆடிட்டர் ஸ்ரீநிவாசராகவன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வேறு யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார், நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில், மழையில் நனைந்த புர்காவின் ஓரம் காலில் ஒட்ட ஒட்ட உட்கார்ந்திருக்கிறேன். பேபி என்று ஒருத்தி, இந்த ஆபீஸில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவள், கல்யாணம் பண்ணிக்கொண்டு நாவலூர் பக்கம் போய்விட்டவள், அவள் போனை எடுத்தால்தான் என் அப்பீல் உள்ளே போகும். என் கம்பெனி, என் பேர், என் தலை, ஆனால் என் கையெழுத்துக்குப் பதிலாக வருகிற ஆறு நம்பர் ஓடிபி பேபியின் போனுக்குப் போகிறது. இதைச் சொன்னால் யாராவது நம்புவார்களா? இன்றோடு கெடு முடிகிறது. இன்றைக்குள் அப்பீல் போகாவிட்டால் வரிப் பாக்கி என்று நாலு லட்சத்து ஆயிரம் ரூபாயை நான்தான் கட்ட வேண்டும், கட்டுகிறவரை பேங்க் கணக்கைத் திறக்க மாட்டார்கள், சனிக்கிழமை நாலு பேருக்குக் கூலி கிடையாது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே புஷ்பம் கேட்டுவிட்டாள், "இன்னாக்கா, இந்த வாரமாச்சும் துட்டு கீதா?" என்று. பசை வாளியைக் கலக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். பார்த்துக் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன்.

இதில் இந்த பாரம் வேறு. ஆடிட்டரின் தங்கை மகளாம், வினிதா, எம்.காம். கடைசி வருஷம், மாமா ஆபீஸுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரு பாரத்தை நீட்டிக்கொண்டிருக்கிறாள். "அஞ்சே நிமிஷம் ஆன்ட்டி, என் ப்ராஜெக்டுக்கு, பேர்கூட எழுத வேணாம், டிக் பண்ணா போதும்." மேலே தடித்த எழுத்தில், தாம்பரம் வட்டாரச் சிறுதொழில் உரிமையாளர்களின் வரி இணக்கத்தைப் பாதிக்கும் காரணிகள். காரணிகளாம். என்னைக் கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன், இதற்கு ஒரு பாரமா, இரண்டு வருஷப் படிப்பா... ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஐந்து கட்டம், ஒன்று என்றால் முற்றிலும் மறுக்கிறேன், ஐந்து என்றால் முற்றிலும் ஏற்கிறேன், நடுவில் மூன்று, நடுநிலை. பேங்க் கணக்கைப் பூட்டிவிட்ட பிறகு எவளம்மா நடுநிலையில் இருப்பாள்? எரிந்து விழத்தான் வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். மூக்குக்கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு பாவமாக நிற்கிறாள், அவள் என்ன செய்வாள், தவிர அவள் மாமா மனசு வைத்தால்தானே இன்று என் வேலை ஆகும். பேனாவை வாங்கிக்கொண்டேன்.

வரி செலுத்துவது என் கடமை என்று கருதுகிறேன். ஐந்து. காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி ஐந்து. பம்மலில் எவனை வேண்டுமானாலும் போய்க் கேட்கட்டும், ரசாக் பாய் ஷெட்டிலிருந்து பில் இல்லாமல் ஒரு பெட்டி வெளியே போயிருக்கிறதா என்று. என் வீட்டுக்காரர் அப்துல் ரசாக், மவுத்தாகி இரண்டு வருஷம் முடிந்துவிட்டது, இன்றைக்கும் தெருவில் அவர் பேரைச் சொன்னால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ஷூ கம்பெனிகளுக்குப் பெட்டி செய்து கொடுக்கிறோம், ஒரு ஜோடிக்கு ஒரு பெட்டி, மூடி தனி, அடி தனி. ஒருத்தன் வந்தான், பெரிய ஆர்டர், பாதிக்கு பில் போடு பாய், பாதி கையில வாங்கிக்க என்றான். இவர் சிரித்துக்கொண்டே, "அல்லாவுக்கு ஒரு கணக்கு, கவர்மெண்டுக்கு ஒரு கணக்குன்னு எனக்கு எழுதத் தெரியாதுப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று எனக்குக் கோபம்தான், வருகிற ஆர்டரை விரட்டுகிறாரே என்று, ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமை, அதை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் எதிர் வரிசையில் ஹார்டுவேர் கடை அரிகிருஷ்ணன் இருக்கிறாரே, போனில் பணம் வாங்கக் கடையில் இரண்டு ஸ்கேன் அட்டை மாட்டியிருக்கிறார், ஒன்று கடை பேரில், இன்னொன்று பெண்டாட்டி பேரில், "பில் வேணுமா, ரேட் வேணுமா?" என்று வாய்விட்டே கேட்பார். அவர் மாடிமேல் மாடி கட்டுகிறார். அவருக்கு ஒரு நோட்டீஸ் வந்ததா? ஒரு பேங்க் கணக்கைப் பூட்டினார்களா? எப்படிப் பூட்டுவார்கள், அவர்தான் கம்ப்யூட்டரில் இல்லையே, ஒழுங்காகப் போய்ப் பேர் கொடுத்தவளைத்தானே அதற்குத் தெரியும். மற்ற வியாபாரிகள் வரி ஏய்ப்பது என் மனநிலையைப் பாதிக்கிறது. இதுவும் ஒரு கேள்வி. மனநிலையாம், வயிறே எரிகிறது, அதற்கு எந்தக் கட்டம்?

செலுத்தும் வரியின் பயன் மக்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது... ஒன்று. யோசிக்கவே வேண்டாம். காலையில் ஷேர் ஆட்டோவில் வந்தேனே, எங்கள் தெரு முனையில் மூன்று மாதமாகத் தோண்டிப்போட்ட பள்ளம், எது ரோடு எது சாக்கடை என்று ஆட்டோக்காரனுக்கே தெரியவில்லை, தண்ணீர் உள்ளே ஏறி செருப்பு மிதந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்கூல் டீச்சர் காலைத் தூக்கிக்கொண்டு என் மேல் சாய்ந்தே வந்தாள். குடிக்கத் தண்ணீர் கேன், குளிக்க லாரி, எல்லாம் காசு. திரும்பக் கிடைக்கிறதாம். இந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்த வாத்தியாரை ஒரு நாள் பம்மலில் குடிவைக்க வேண்டும். பத்தாவது தடவை பேபிக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது, ஏதோ சினிமாப் பாட்டு வைத்திருக்கிறாள், பாட்டு முழுதாக முடிந்து கட் ஆனது.

வரித் தாக்கல் நடைமுறை எனக்கு எளிதாகப் புரிகிறது. ஆகா, நன்றாகப் புரிந்ததே... டிசம்பர் முதல் வாரம், கரண்ட் பில் கட்டப் பணம் எடுக்கப் போனால் கவுண்டரில் இருந்த பெண், "மேடம், உங்க அக்கவுன்ட் ஃப்ரீஸ் ஆகியிருக்கு, டாக்ஸ் ஆபீஸ்லேருந்து லெட்டர்" என்றாள். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். அவள் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. திருடியைப் பார்ப்பதுபோல் எல்லோரும் பார்த்தார்கள், அல்லது பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. அங்கேயிருந்து நேராக வரி ஆபீஸுக்கு ஓடினேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், அதுதான் இன்னும் எரிச்சல். "நோட்டீஸ் மூணு வாட்டி போட்டாச்சுங்க மேடம், ஆகஸ்ட்ல ஆர்டரும் போட்டாச்சு, எல்லாம் போர்ட்டல்ல இருக்கு." போர்ட்டலில் இருக்கிறதாம். போர்ட்டல் என்ன என் வீட்டு வாசலா, தினம் பெருக்கும்போது பார்ப்பதற்கு? ஒரு தபால்காரர் கையில் கொடுத்தனுப்பக் கூடாதா? மெசேஜ் போகுமே மேடம் என்றார். போயிருக்கிறது, போகாமல் இல்லை, பேபியின் போனுக்குப் போயிருக்கிறது. ஆடிட்டர் ஆபீஸ் வழக்கம் அது, முப்பது நாற்பது கிளையன்டுக்கும் ஒரே நம்பர், ஆபீஸ் பெண்ணின் நம்பர், அப்போதுதான் ஓடிபி கேட்டு ஒவ்வொருத்தரையும் துரத்த வேண்டாம். பேபி போனதும் எல்லோருக்கும் நம்பரை மாற்றினார்களாம், என்னுடையது மட்டும் விட்டுப்போய்விட்டதாம். விட்டுப்போய்விட்டது என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் ஆடிட்டர்! இப்போது மாற்றலாமே என்றால், பேர் சரியில்லை, ஆதாரில் ஒரு எழுத்து கூடுதலாக இருக்கிறது, மாற்ற ஒரு வாரம் ஆகும், கெடு தாண்டிவிடும் என்கிறார்.

அவரை மட்டும் திட்டி என்ன... கம்பெனியை என் பேரில் பதிந்ததே லோனுக்காக. பெண்கள் பேரில் என்றால் லோன் சீக்கிரம் கிடைக்கும் என்று எவனோ சொல்ல, பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் இதே நாற்காலியில் என்னை உட்காரவைத்து எட்டு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். போன் நம்பர் என்று ஒரு கட்டம் இருந்தது, என் நம்பரைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன், என் வீட்டுக்காரர் கையை நீட்டித் தடுத்தார். "அவளுக்கு எதுக்கு சார் மெசேஜா வந்துகினு, பேஜாரு. உங்க ஆபீஸ் நம்பரையே போட்டுக்கங்க." நானும் சிரித்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது, எனக்கு எதற்கு அந்தத் தொல்லை, நான் வேலை செய்கிற பெண்களைப் பார்த்துக்கொண்டேன், பெட்டியை எண்ணினேன், டீ போட்டேன். முதலாளி என்று காகிதத்தில் நான், ஷெட்டில் அவர். அவர் போன பிறகு சாவிக் கொத்தோடு எல்லாம் என் கைக்கு வந்தது, இந்த நம்பர் மட்டும் வரவில்லை.

ஆனால் இதற்கெல்லாம் மூலம் யார்? துரை. அந்தத் துரை... பல்லைக் கடித்தால் சத்தம் வெளியே கேட்கிறது, வினிதா திரும்பிப் பார்க்கிறாள். பெட்டி செய்கிற அட்டையை எங்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தவன். 2019-20, அந்த ஒரு வருஷம் மட்டும் பதினாலு லோடு, பதினாலுக்கும் பில், பில்லில் வரி, வரியையும் சேர்த்துச் செக்காகவே கொடுத்திருக்கிறார் இவர், பைசா பாக்கியில்லை. துரை என்ன செய்தான், எங்களிடம் வாங்கிய வரியை கவர்மெண்டுக்குக் கட்டாமல் விழுங்கிவிட்டான், அப்புறம் கம்பெனியை மூடிவிட்டுப் போய்விட்டான். அவன் கட்டாததால், அவனுக்குக் கொடுத்த வரியை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டது செல்லாது, நீங்களே இன்னொரு தடவை கட்டுங்கள், வட்டியோடு கட்டுங்கள், அபராதத்தோடு கட்டுங்கள். இதுதான் ஆர்டர். இது என்ன நியாயம்? ஹோட்டலில் சாப்பிட்டுக் காசு கொடுத்து வெளியே வந்தவளைப் பிடித்து, முதலாளி அரிசிக்காரனுக்குப் பாக்கி வைத்துவிட்டான், நீ கொடு என்பார்களா? அவனைத் தேடிப் பிடிக்க வேண்டியதுதானே, இவ்வளவு பெரிய கவர்மெண்டு... நான் பிடித்தேனே! என் தங்கை சாஹிராவின் மாப்பிள்ளை இரண்டே நாளில் நம்பர் வாங்கிக் கொடுத்தார், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஏதோ ஒரு கம்பெனி வாசலில் டிபன் கடை போட்டிருக்கிறானாம். அப்பீல் போடுவதற்கு முன்னால் கட்ட வேண்டிய இருபத்தோராயிரத்தையும் சாஹிராதான் கொடுத்தாள், அவளுக்கு எப்போது திருப்பித் தரப்போகிறேன் என்று... சரி, அது அப்புறம். அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி துரைக்கு அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான், பின்னால் தோசைக் கல் சத்தம்.

"யாரு, பஷீராக்காவா? எப்டிக்கா கீற? பாய் தவறிட்டாருன்னு கேள்விப்பட்டேன், வர முடியலக்கா..." என்று இழுத்தான். நான் இழுக்கவிடவில்லை. எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை, கொட்டித் தீர்த்தேன், உன்னால் என் கணக்கைப் பூட்டிவிட்டார்கள், வாங்கின வரியைத் தின்றவனே, நாலு பெண்கள் வயிற்றில் அடித்தாயே, நீ நன்றாக இருப்பாயா என்று. நான் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தான். அப்புறம் மெதுவாகத்தான் சொன்னான். "நான் இன்னாக்கா துன்னேன்? எனுக்கு மேல இருந்தவன் பில்லே இல்லாம சரக்கு போட்டான், நான் உங்களுக்கு பில்லு போட்டேன். அந்த வரிய நான் எங்கேந்து கட்றது? அதத்தான் ரேட்ல கயிச்சி உங்களுக்கே குட்த்துட்டேனே. கிலோவுக்கு ரெண்டு ரூவா கம்மி யாருக்கா போடுவா, மில்லுகாரனே போட மாட்டான். பாய்க்குத் தெரியும்க்கா." கட் பண்ணிவிட்டேன். பொய். சுத்தப் பொய். செத்துப்போன மனுஷன் எழுந்து வந்தா பதில் சொல்லப்போகிறார், எவ்வளவு தைரியம், தோசை சுட்டுக்கொண்டே ஒரு நல்லவர் பேரில் சேற்றை வாரி இறைக்கிறான்... இரண்டு ரூபாய் குறைவாகத்தான் போட்டான், இல்லையென்று சொல்லவில்லை, வியாபாரத்தில் ஒருத்தன் குறைத்துப் போடுவதும் இன்னொருத்தன் ஏற்றிப் போடுவதும் இல்லாததா? துரை போன பிறகு அந்த ரேட்டுக்கு யாரும் போடவில்லை, அது உண்மை, போன வருஷம் படப்பையிலிருந்து சக்திவேல் வருகிறவரைக்கும்.

"பஷீராம்மா, உள்ள வாங்கோ." கடைசியில் ஆடிட்டருக்கு என் ஞாபகம் வந்துவிட்டது. உள்ளே போனதும் ஏசி முகத்தில் அடித்தது, நனைந்த துணியோடு உட்கார முடியவில்லை, நிறுத்தச் சொல்லவும் வாய் வரவில்லை. பேபி எடுத்தாளா என்று கேட்டார், இல்லை என்றேன், "நம்ம கையில என்ன இருக்கு" என்றார். என்ன இருக்கிறதா! நான் கேட்டுவிட்டேன், "உங்க கையிலதானே சார் என் கணக்கு இருந்துச்சு, பத்து வருஷமா" என்று. முகம் சுருங்கிப்போனது. தண்ணீர் குடித்தார். அப்புறம் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, அப்பீலில் எழுதியிருப்பதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார், இன்ன தேதி, இன்ன பில், இன்ன செக், எல்லாம் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு வந்தேன். "இதான்மா முக்கியமான பாயின்ட், இதுலதான் நம்ம கேஸே நிக்கறது. மனுதாரர் நல்லெண்ணத்தோட சந்தை விலைக்கு சரக்கு வாங்கியிருக்கார், சப்ளையர் வரி கட்டாதது மனுதாரருக்கு எந்த விதத்திலயும் தெரியாது, சந்தேகப்பட முகாந்திரமும் இல்லை. கீழ உறுதிமொழி, மேல சொன்னதெல்லாம் என் அறிவுக்கு எட்டினவரை உண்மை. ஓடிபி போட்டா நீங்க கையெழுத்துப் போட்ட மாதிரி." சரி சார் என்றேன். மனுதாரர் யார் சார் என்று ஒரு அசட்டுக் கேள்வியும் கேட்டேன். "நீங்கதாம்மா" என்றார் அவர்.

நான்தான். அவர் இல்லை, நான். எனக்கு எந்த விதத்திலும் தெரியாது... தெரியாதுதானே? எனக்கு என்ன தெரியும், ரேட் பேசியது அவர், செக் எழுதியது அவர். நான் வெறும்... அந்த முதல் லோடு வந்த நாள் எதற்கு இப்போது ஞாபகத்துக்கு வருகிறது? ஷெட் வாசலில் டெம்போ நின்றது, அட்டைக் கட்டுகளை இறக்கிவிட்டுத் துரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான், நான் இரண்டு கிளாஸ் டீயோடு வந்தேன். இவர் பில்லைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "எல்லாம் சரிதான் துரை, இந்த ரேட்டு உனக்கு எப்டிப்பா கட்டுபடியாவுது?" நான் டீயை ஸ்டூல்மேல் வைத்தேன். துரை சிரித்தான். பதில் சொன்னானா? என்ன சொன்னான்? எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் பிஸ்கெட் எடுக்க உள்ளே திரும்பிவிட்டேன். உள்ளே நின்றபோது வெளியில் சிரிப்புச் சத்தம் கேட்டது, அது ஒரு ஆள் சிரிப்பா, இரண்டு ஆள் சிரிப்பா? பிஸ்கெட் தட்டோடு வந்தபோது பேச்சு மாறிவிட்டிருந்தது. அதற்கப்புறம் பதின்மூன்று லோடு, பதின்மூன்று தடவை டீ கொடுத்தேன், அந்தக் கேள்வியை அவர் திரும்பக் கேட்டு நான் கேட்கவில்லை. அந்த வருஷம்தான் ஷெட்டின் பின்பக்கம் புதுக் கூரை போட்டோம், எத்தனை மழைக்கு ஒழுகி அட்டை ஊறிப்போயிருக்கிறது, நான்தான் நச்சரித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வந்து, "கொஞ்சம் மிச்சம் புடிச்சிருக்கேன், கூரைய போட்டுரலாம்" என்றார். லோடுக்கு மூன்று டன், டன்னுக்கு இரண்டாயிரம், பதினாலு லோடு... கணக்கு எனக்கு வரும், பெட்டி எண்ணி எண்ணிப் பழகியவள். எண்பத்து நாலாயிரம். அன்று ஏன் எண்ணிப் பார்க்கவில்லை? எங்கேயிருந்து மிச்சம் பிடித்தீர்கள் என்று ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கூரை வந்ததே என்ற சந்தோஷத்தில் பாயசம் காய்ச்சினேன்.

போன் அடித்தது. பேபி. "சாரிக்கா, போன சார்ஜ்ல போட்டுட்டு கொயந்தைய குளிப்பாட்டிகினு இருந்தேன், பத்து மிஸ்டு காலு, பயந்தே போய்ட்டேன். இன்னா ஓடிபியா? அனுப்ப சொல்லு, கையிலயே வெச்சிகினு கீறேன்." குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. இவ்வளவு நேரம் இவளையா திட்டிக்கொண்டிருந்தேன் என்று ஒரு நொடி தோன்றியது, ஆனால் கோபத்துக்குப் போக்கிடம் வேண்டாமா, யாராவது ஒருத்தர்மேல் இறங்கத்தான் செய்யும். ஆடிட்டர் எதையோ அமுக்கினார். பேபி ஒவ்வொரு நம்பராகச் சொன்னாள், நான் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன், வினிதா கொடுத்த பேனா. "சொல்லுங்கம்மா, பத்து நிமிஷம்தான் டைம்." திரையில் அந்த வரி நின்றது, எந்த விதத்திலயும் தெரியாது. சார், ஒரு நிமிஷம், அந்த வரியைக் கொஞ்சம் மாற்றிப் போட முடியுமா என்று கேட்டிருக்கலாம். மாற்றி என்னவென்று போடச் சொல்வது? மனுதாரருக்குத் தெரியாது, ஆனால் மனுதாரர் பிஸ்கெட் எடுக்க உள்ளே போய்விட்டார் என்றா? நாலு லட்சத்து ஆயிரம். நாலு பெண்களின் கூலி. அவர் பேர்... நான் தெரியும் என்று சொன்னால் அவருக்கும் தெரியும் என்றுதானே ஆகும், பள்ளிவாசலில் முதல் வரிசையில் நின்ற மனுஷன், குரலைத் தாழ்த்திச் சொல்கிற பேர். ஆறு நம்பரையும் தடுமாறாமல் சொன்னேன். "ஆச்சு" என்றார் ஆடிட்டர், அக்னாலெட்ஜ்மென்ட் பிரிண்ட் சூடாக வெளியே வந்தது. இன்னும் ஒரு வாரத்தில் பேங்குக்கு லெட்டர் போய்விடும், கணக்கைத் திறந்துவிடுவார்கள், கவலைப்படாதீர்கள் என்றார். நிம்மதியாக இருக்க வேண்டும். கையைப் புர்காவில் துடைத்தேன், மை போகவில்லை.

வெளியே வந்ததும் வினிதா பாரத்துக்குக் கையை நீட்டினாள், ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, கடைசி ஒண்ணு விட்டுட்டீங்க" என்றாள். பொருள் வாங்கும்போது, விற்பவர் முறையாக வரி செலுத்துகிறாரா என்று விசாரிப்பேன். ஒன்று முதல் ஐந்து. "புரியலம்மா" என்றேன். புரியாமல் என்ன, பச்சைத் தமிழ். அவள் பாவம், பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள், "அதாவது ஆன்ட்டி, நீங்க சரக்கு வாங்கறப்ப அவங்க டாக்ஸ் கட்டறாங்களான்னு செக் பண்ணுவீங்களான்னு கேக்கறோம். நீங்கதான் உள்ள நுழையறப்பவே சொன்னீங்களே, அந்த சப்ளையர் ஏமாத்திட்டாருன்னு. உங்களுக்கு இது ஈஸியா இருக்கணுமே" என்றாள். அவள் முகத்தில் கள்ளம் ஒன்றுமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அப்புறம் போட்டுக் கொண்டுவந்து தருகிறேன் என்று பாரத்தைப் பிடுங்காத குறையாக வாங்கி, நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். முதல் கேள்விக்கு அழுத்திப் போட்ட டிக் அடுத்த பக்கத்திலும் பதிந்திருந்தது.

மாடிப்படியில் பாதி இறங்கியிருப்பேன், கீழே ரோடெல்லாம் தண்ணீர், பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரே ஹாரன் சத்தம், கைப்பைக்குள் மறுபடி போன். சக்திவேல். "அக்கா, லோடு ஏத்தியாச்சு, ரெண்டு மணிக்குல்லாம் வந்துருவேன். பழைய ரேட்டுதான்க்கா, மார்க்கெட்ல ரெண்டு ரூவா ஏறிக்கீது, நான் உனுக்கு ஏத்தல. பணம் மெதுவா குடு, ஒண்ணும் அவசரம் இல்ல." நல்ல மனுஷன், கணக்குப் பூட்டியது தெரிந்தும் சரக்கை நிறுத்தாதவன் அவன் ஒருத்தன்தான், போன வருஷத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு லோடு போட்டிருக்கிறான், எல்லாவற்றுக்கும் பில், பில்லில் வரி. இந்த ரேட் உனக்கு எப்படிப்பா கட்டுபடியாகுது? ஐந்தே வார்த்தை. வாயைத் திறந்தேன். கேட்டால் என்ன சொல்வான்? சிரிப்பானா? சிரித்தால் நான் என்ன செய்வேன், லோடைத் திருப்பி அனுப்புவேனா, அட்டை இல்லாமல் புஷ்பமும் மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரட்டும் என்று விடுவேனா, ஷூ கம்பெனிக்காரன் திங்கட்கிழமை பெட்டி கேட்பானே... "அக்கா, லைன்ல கீறியா?" என்றான். படியில் நின்றபடி, ஈரச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "சரிப்பா, வந்து எறக்கு, புஷ்பத்த டீ போட்டு வெக்கச் சொல்றேன்" என்றேன். அவராவது ஒரு தடவை கேட்டார்.